முகம் விழாத கேமரா

எங்கள் கடை வரிசையில் பயப்படுவதற்கென்றே ஒரு ஆளை நேர்ந்து விட்டிருக்கிறார்கள் என்றால் அது கங்காதரன் அண்ணன்தான். பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் இறங்காத பொழுது கிடையாது. பச்சைக் குழந்தைகூட அந்தச் சத்தத்தில் திரும்பிப் படுத்துத் தூங்கும். இவர் மட்டும், பிறந்து வளர்ந்த ஊரிலேயே, ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்து பார்த்து, அது பத்திரமாகக் கடந்து போன பிறகுதான் டீயை வாயில் வைப்பார். "அது பாட்டுக்குப் போய்கினு கீது, நீ இன்னாத்துக்கு அதைக் கண்ணால புட்ச்சிகினு நிக்கிற?" என்று கேட்டால் சிரிப்பார். அடுத்த விமானத்தையும் பார்ப்பார்.

நான் தசரதன். அவருடைய ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் நான் "நூறாயுசு" சொல்கிற தூரம். கீழே ஸ்டுடியோ, மேலே அவர்கள் வீடு. மனைவி ஜோதிலட்சுமி, ஒரே மகள் வெண்ணிலா. மகளை நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அருண்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன். பேச்சுதான் குறைவு.

பயந்த சுபாவக்காரர் கல்யாண போட்டோகிராபர் ஆனது தலையெழுத்து. தாலி ஏறுவது ஒரு நொடி. "சரியா விழல, இன்னொரு தரம் கட்டுங்க" என்று யாரிடமும் கேட்க முடியாது. அதனால் அண்ணனிடம் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். பேட்டரி இரண்டு, சார்ஜர் இரண்டு, மழை வராத மாதத்திலும் குடை இரண்டு. இத்தனை வருஷத்தில் அவர் கோட்டை விட்ட தாலி ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பயம் இருக்காது.

பழைய கேமராவுக்கு வயதாகிவிட்டது. பார்ட்டிகள் எல்லாம் புதுசு புதுசாகக் கேட்க ஆரம்பித்தார்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு புது டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினார். அன்றைக்கு ஸ்டுடியோவில் பூஜை. வண்டியாக இருந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். கேமராவுக்குச் சக்கரம் ஏது? ஜோதிலட்சுமி அண்ணி பழத்தை மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் போட்டு அண்ணனை மிதிக்கச் சொன்னார். பிறகு சந்தனம் குங்குமம். முன்பக்கம் முழுக்க லென்ஸ், பின்பக்கம் முழுக்கத் திரை. நெற்றி மாதிரி இருந்தது உச்சிமேடு ஒன்றுதான். அங்கே குளிரக் குளிரச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். எங்கள் வரிசையில் இது பெரிய விஷயமில்லை. லேத்து பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. என் ஜெராக்ஸ் மெஷினும் மங்களகரமாகத்தான் இருக்கும்.

முதல் கோளாறு கீழ்க்கட்டளையில் நடந்தது. தோத்தாத்ரி சார் என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குச் சதாபிஷேகம். சாரையும் வேதா மாமியையும் மணையில் உட்கார வைத்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். அண்ணன் சாரை மட்டும் நெருக்கத்தில் வைத்துத் தட்டினார். ஃபிளாஷ் வழக்கத்தைவிடப் பளீரென்று அடித்தது. திரையில் பார்த்தால் சாருடைய முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கீழே ஈர வேட்டியின் கரை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஃபிளாஷை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடியும் எடுத்தார். சார் முகம் முழுசாக விழுந்தது. பேட்டரி சேட்டை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தோத்தாத்ரி சார் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மகன் ஷ்யாம்சுந்தர் போன் செய்து, சதாபிஷேகப் படத்திலிருந்து அப்பா முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். அந்த மாதிரி கம்ப்யூட்டர் வேலையெல்லாம் வெண்ணிலாதான் செய்வாள். கல்யாணமாகி நாவலூர் போன பிறகும் அப்பா படங்களை அனுப்புவார், அவள் பொறுக்கிச் சீர்செய்து திருப்பி அனுப்புவாள். அவள் போனில் கேட்டாள்: "அப்பா, இதுல ஒரு படத்துல சார் மூஞ்சியே காணோமே?"

"அத்த டெலிட் பண்ணிடும்மா," என்றார் அண்ணன். அன்றைக்குத்தான் அவருக்கு அந்தக் கேமரா மேல் பயம் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு கேமரா மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அப்படிச் செய்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு படம் வெள்ளையாகும், ஆட்டினால் சரியாகும். மேடவாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் மாரி என்பவர் மாலையோடு நிற்கும்போது அவர் முகம் போயிற்று. ஆல்பத்தைக் கொடுக்கப் போனபோது மாரி கட்டிலில் கிடக்கிறார். ரேடியல் ரோட்டில் லாரிக்காரன் இடித்துவிட்டான், தொடை எலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் அவர்கள் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டார்.

"இன்னாண்ணா, பேய் அறைஞ்ச மாதிரி கீற?" என்றேன்.

கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் சொன்னார். "தசரதா, அந்தக் கேமராவுல எவன் மூஞ்சி வெள்ளையாவுதோ அவனுக்கு ஒண்ணு ஆவுதுடா. அது காட்டுதா, இல்ல அதுவே செய்யுதான்னு தெரியல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எண்பது வயசு ஆளு தூக்கத்துல போனா அது நல்ல சாவு. ரேடியல் ரோட்டுல லாரி இடிக்கிறதுக்கு உன் கேமரா எதுக்கு? காக்கா உக்காந்துச்சாம், பனம்பழம் வியுந்துச்சாம். இது வரைக்கும் எத்தினி மூஞ்சி வெள்ளையாச்சி, மத்தவங்க எல்லாம் சோக்காத்தான கீறாங்க?"

"கேலி பண்ணாதடா," என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததெல்லாம் பேய் ஆகிவிட்டது. நன்றாக இருப்பவர்களைப் பயம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தார். அங்கே போகும் முன்னால் ஒரு காரியம் தவறாமல் செய்வார். ஈரத்துணியால் கேமராவின் பொட்டைத் துடைத்துப் பளபளவென்று ஆக்குவார். ஏசி ரூமில் டை கட்டிய ஆள் முன்னால் குங்குமமும் பூவுமாக நீட்டினால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களாம். அவர்களும் வாங்கி, வழக்கப்படி உள்ளும் புறமும் சுத்தம் செய்து, அவர்களுடைய ஃபிளாஷை மாட்டிப் பார்த்து, "ப்ராப்ளம் எதுவும் இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கண்ட கை பட்ட பொருள் ஆயிற்றே என்று அண்ணி அன்றைக்கே புதுச் சந்தனம் வைப்பார், முன்னைவிடக் கனமாக. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். பிறகு மறுபடியும் வெள்ளை. அண்ணன் புது ஃபிளாஷ்கூட வாங்கிப் பார்த்தார். அதே கதைதான்.

பயம் அவர் தொழிலுக்குள் இறங்கியது. வயதானவர்களைப் பக்கவாட்டில் எடுக்க ஆரம்பித்தார். "என்னப்பா, என் காதை மட்டும் எடுத்திருக்க?" என்று ஒரு தாத்தா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கைக்குழந்தை என்றால் ஃபிளாஷைக் கழற்றிவிட்டு இருட்டில் எடுப்பார். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் உதடு "முருகா" என்று அசையும். எனக்கும் கேலி செய்யும் வாய் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் ஸ்டுடியோ இருக்கும்போது நான் அவளைப் பம்மலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் வெண்ணிலா முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு.

"வேற ஆளை வெச்சி எடுத்துக்கலாம் ஜோதி," என்று அண்ணன் மெல்ல ஆரம்பித்தார்.

"ஊரு கல்யாணத்தை எல்லாம் நீ எடுப்ப, சொந்தப் பொண்ணு வளைகாப்புக்குக் கூலிக்கு ஆளா? சம்பந்தி வீட்ல வாயால சிரிக்க மாட்டாங்க," என்றார் அண்ணி.

காரணத்தைச் சொல்ல அவரால் முடியவில்லை. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதே தப்பு. வாயிலிருந்து வந்தால் நடந்துவிடுமோ என்று அதற்கும் பயம். என்னிடம் மட்டும் வந்து சொன்னார்: "என் பொண்ணு மூஞ்சி மட்டும் வெள்ளையாவக் கூடாதுடா. வேற எது ஆனாலும் ஆவட்டும்." அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

வளைகாப்பு மாடியில்தான் நடந்தது. காலையிலேயே நான் பந்தி வேலைக்குப் போய்விட்டேன். அண்ணி வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு கேமராவிடம் போனபோது வெண்ணிலா எழுந்து வந்தாள். "குடும்மா, இன்னிக்கு நான் வெக்கிறேன்" என்று வாங்கி, உச்சியில் அப்பி அப்பி வைத்தாள். அது காய்வதற்குள்ளேயே அண்ணன் ஃபிளாஷை அதன் மேல் தள்ளி மாட்டினார். மகள் கையால் பொட்டு வைத்தது நல்ல சகுனம் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெண்கள் வரிசையாக வந்து அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் அடுக்கினார்கள். படங்கள் நன்றாக விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு வெண்ணிலாவைத் தனியாக உட்கார வைத்து, "இங்க பாரும்மா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பளீர்.

நான் அவருக்குப் பின்னால் பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். திரை எனக்கும் தெரிந்தது. வளையல் இருந்தது, புடவைக் கரை இருந்தது. முகம் இல்லை, வயிறும் இல்லை.

அண்ணன் உடனே அதை அழித்தார். பிறகு சிரித்த முகத்தோடு மீதிப் படங்களையும் எடுத்து முடித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. விருந்து முடிந்ததும் கேமராவை அப்படியே, ஃபிளாஷும் பொட்டும் பூவுமாகப் பையில் போட்டு மூடினார். அதன் பிறகு அவர் அந்தப் பையைத் தொடவே இல்லை. வந்த வேலைகளுக்கெல்லாம் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெண்ணிலா பிரசவத்துக்கு அம்மா வீட்டிலேயே தங்கினாள். மத்தியானம் அவள் தூங்கும்போது அண்ணன் கடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடி ஏறுவார். வாசலில் நின்று அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு இறங்கி வருவார். சனிக்கிழமை தவறாமல் அகஸ்தீஸ்வரர் கோயில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு. டாக்டர் அம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "நல்லா கீதுன்னு ஏன் ரெண்டு தடவ சொன்னாங்க?" என்று என்னைப் பிடுங்கி எடுப்பார். சோறு இறங்கவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பிரசவத்துக்கு முன்னால் இந்த ஆளே போய்விடுவார் போலிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் கடைக்குள் நுழைந்து அலமாரியிலிருந்து கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். "கெளம்புண்ணா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம். நீ தொட வேணாம், நானே தூக்கிகினு வரேன்." வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல்லாவரத்தில் ரயில் ஏற்றினேன்.

சர்வீஸ் சென்டரில் அன்றைக்குக் கவுண்டரில் ஜெனி என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் இருந்தாள். பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். காய்ந்த பூச்சரம் ஒன்று கூடவே வந்தது. அண்ணன் வெட்கத்தில் குறுகிப் போனார். "மன்னிச்சிக்கோம்மா, தொடைக்காம எடுத்தாந்துட்டோம்," என்றார்.

அவள் ஃபிளாஷைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். கரகரவென்று நகர்ந்து கையோடு வந்தது. கண்ணாடி மேஜை மேல் மஞ்சளாக ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்ன சார் இது?"

"சந்தனம் மேடம்," என்றேன் நான்.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக் கேமராவின் உச்சியைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்க்கச் சொன்னாள். ஃபிளாஷ் மாட்டும் அந்தத் தகட்டுப் பள்ளத்தில் பொடிப் பொடியாக உலோகப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பாதிப் புள்ளிகளைக் காணோம். சந்தனம் கெட்டியாக அப்பிக் கிடந்தது, அதன் நடுவில் குங்குமச் சிவப்பு.

"இந்தப் பாயின்ட் வழியாதான் சார் எவ்ளோ வெளிச்சம் போதும்னு கேமரா ஃபிளாஷுக்குச் சொல்லும். அது அடைச்சிட்டா ஃபிளாஷுக்கு ஒண்ணும் தெரியாது, இருக்கிறதை மொத்தமாக் கொட்டிடும். முகம் வெளுத்துடும். ஆட்டினா கொஞ்சம் ஒட்டும், சரியாகும். ஏன் சார், இது வரைக்கும் இப்படி நீங்க கொண்டு வந்ததே இல்லையா?"

"தொடச்சி எடுத்தாருவேம்மா. மரியாதை இல்லியா?" என்றார் அண்ணன். குரல் எங்கேயோ இருந்து வந்தது.

"நீங்க மேல தொடச்சிடறீங்க, உள்ள இருக்கிறதை நாங்க க்ளீன் பண்ணிடறோம். அப்புறம் டெஸ்ட் பண்ணா எப்படி சார் ப்ராப்ளம் வரும்?" அவள் கேலி செய்யவில்லை. "எங்க வீட்டுப் புது ஸ்கூட்டிக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு சார். சாவி போடற ஓட்டைக்குள்ள போயிடுச்சு. ஒரு வாரம் வண்டி ஸ்டார்ட்டே ஆகல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கோளாறு வரக் கூடாது என்று பொட்டு, பொட்டினால் கோளாறு, கோளாறு வந்ததென்று இன்னும் பெரிய பொட்டு. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அண்ணன் சிரித்தார். ரயிலில் சிரித்தார். கிண்டியில் ஏறிய ஒரு பூக்காரம்மா இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "சந்தனம்டா தசரதா, வெறும் சந்தனம்!" என்று என் தொடையில் அடித்தார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெண்ணிலா சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் மாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தது. அண்ணன் கேமராவின் உச்சியைத் தட்டிக் காட்டி, வெள்ளைப் படங்களின் கதையைச் சொன்னார். தோத்தாத்ரி சாரைச் சொன்னார், மாரியைச் சொன்னார், தான் பயந்த பயத்தைக்கூடச் சிரிப்பாகவே சொன்னார். மகளுடைய படத்தை மட்டும் சொல்லவில்லை.

"அடக் கடவுளே, நான் வெச்ச பொட்டா?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

வெண்ணிலா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் படமும் அதனாலதானாப்பா?"

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "எந்தப் படம்மா?"

"வளையலோட நான் தனியா உக்காந்திருந்தது. நீங்க ஒரு மெமரி கார்டுல அழிச்சீங்க. அந்தக் கேமராவுல எடுக்கிறது ரெண்டு கார்டுலயும் விழும்பா, இன்னொண்ணுல அப்படியே இருந்துச்சு. அவருக்கு அனுப்பலாம்னு மறுநாள் எடுத்துப் பார்த்தேன்." அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "தோத்தாத்ரி சார் மூஞ்சியைப் பெருசு பண்ணிக் குடுத்ததே நான்தான? வளைகாப்பு அன்னிக்கே பயந்துதான் நான் போய் அவ்ளோ சந்தனம் வெச்சேன். அப்புறம் நீங்க தினம் மத்தியானம் வந்து நான் மூச்சு விடறேனான்னு பார்த்துட்டுப் போவீங்க. நான் தூங்கலப்பா. கண்ண மூடிக்கினு இருப்பேன். அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சிப்பேன்."

அரிசி முறம் அண்ணியின் கையில் அப்படியே நின்றது.

"யார்கிட்டயும் சொல்லலியேம்மா நீ?" என்றார் அண்ணன்.

"என்னன்னு சொல்றது? சனி, ஞாயிறு அவர் வர்றப்போ அவருக்கு ரசம் வெக்கக் கத்துக் குடுத்துட்டேன்பா. பருப்பு எவ்ளோ வேகணும், குழந்தைக்குச் சோறு எப்படிக் குழைய வடிக்கணும், எல்லாம். எதுக்குடி இப்பன்னு கேட்டாரு. சும்மா கத்துக்கோங்கன்னேன். அவருக்கு வாயத் திறந்து யார்கிட்டயும் சோறு கேக்கத் தெரியாதுப்பா." அதுவரை தாங்கிய பெண் அந்த இடத்தில் உடைந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழப் போனார். "இரும்மா, இப்பவே ஒரு படம் எடுத்துக் காட்டறேன். உன் மூஞ்சி எப்படி விழுதுன்னு நீயே பாரு," என்றார்.

வெண்ணிலா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்பா. எனக்கு இன்னும் பயமா இருக்கு. நீங்க இங்கயே உக்காருங்க."